நேர்முகத்தில் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்குசெய்த தொழில் வழிகாட்டல் நாளில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு ‘பொறியியல் கம்பனியில் நேர்முகமும் வேலையும்’. டொக்டருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று முன்வரிசையில் இருக்கும் என் கணித ஆசிரியை யோசிப்பது முகத்திலேயே தெரிகிறது. உயர்தரத்தில் நான் கணிதப் பக்கம் போகாமல் உயிரியல் பக்கம் போனதில் அவருக்கு இன்னும் மனக்குறை உண்டு. சந்தித்தால் மறக்காமல் சொல்லிக் காட்டுவார்.

சம்பந்தம் இதுதான். கம்பனி ஒன்று ஆள் எடுக்கும்போது, நேர்முகத்தில் தெரிவானவர்களை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பும். அப்படி அனுப்பப்படுகிறவர்கள் சில வருடங்களாக என்னிடம் வருகிறார்கள். கையில் ஒரு படிவம், முகத்தில் நேற்றைய நேர்முகத்தின் களைப்பு. இரத்த அழுத்தம் பார்க்கும் இரண்டு நிமிடத்தில் அவர்கள் எனக்குச் சொல்லும் கதைகளை நேர்முகக் குழு கேட்டிருக்காது. இன்று நான் பேசப்போவது அந்த மேசையில் நான் கற்ற பாடம். அதில் என்னுடைய பிழை ஒன்றும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடத்தான் வந்தேன்.

முதலில் எங்கள் ஊரைக் கொஞ்சம் பார்ப்போம். மன்னாருக்குப் பொறியியல் புதிதல்ல. 1914இல் தலைமன்னாருக்கு ரெயில் வந்தது. அங்கே இறங்கிக் கப்பலேறித் தனுஷ்கோடியில் மீண்டும் ரெயில் பிடித்து இந்தியாவுக்குப் போனார்கள். 1964 மார்கழிப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1990இல் போரால் எங்கள் ரெயிலும் நின்றது. நாங்கள் இந்தக் கல்லூரியில் குப்பி விளக்கில் படித்த காலம் அது. 2010இல் புதிய பாலம் திறந்தார்கள். இந்தியாவின் இர்கொன் நிறுவனம் மதவாச்சியிலிருந்து 106 கிலோமீற்றர் பாதையைத் திரும்பப் போட்டு, 2015 மார்ச் 14ஆம் திகதி ரெயில் மறுபடி தலைமன்னார் வரை ஓடியது. 2020 மார்கழியில் தம்பபவனி காற்றாலைகள் தொடங்கிவைக்கப்பட்டன. தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற், மொத்தம் 103.5 மெகாவாற். குப்பி விளக்குக் கரையில் இப்போது நாட்டுக்கே மின்சாரம் பிறக்கிறது.

இவற்றையெல்லாம் நாங்கள் வேலியோரத்தில் நின்று பார்த்தோம். 60 மீற்றருக்கு மேல் நீளமான காற்றாலைச் சிறகு வீதியால் போனபோது பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினோம். ஆனால் அந்த வேலைத்தளங்களில் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் எத்தனை பேர் நின்றார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்கள் போதும். அந்த விரல்களிலும் பாதி, அலுவலகத்தில் தொலைபேசி எடுத்த பிள்ளைகள்.

தகைமை இல்லாமல் அல்ல. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. பக்கத்திலேயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. என்.வி.கியூ. சான்றிதழோடு எத்தனையோ பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். அப்படியானால் எங்கே தடங்குகிறது? என் மேசையில் கண்டதை வைத்துச் சொன்னால், பல பேருக்கு அந்த இருபது நிமிட நேர்முகத்தில்தான்.

ஒரு பிள்ளையின் கதை சொல்கிறேன். அவள் அனுமதியோடுதான் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். கரையோரக் கிராமம், தகப்பன் கடற்றொழிலாளி. இயந்திரத் தொழில்நுட்பத்தில் என்.வி.கியூ. நான்காம் மட்டம் முடித்தவள். படிவத்தில் பதவி என்ற இடத்தில் ‘களஞ்சியப் பதிவாளர்’ என்று இருந்தது. கையைப் பிடித்து நாடி பார்க்கும்போது ஆட்காட்டி விரலில் ஒரு பழைய வெட்டுத் தழும்பைக் கண்டேன். படிவத்தில் தழும்புகளை எழுதவேண்டும், அதனால் கேட்டேன்.

“அது எஞ்சின் கழட்டேக்க வெட்டினது மிஸ்.”

“என்ன எஞ்சின்?”

“அப்பாட வள்ளத்து எஞ்சின்.”

பன்னிரண்டு பதின்மூன்று வயதிலிருந்து தகப்பனோடு சேர்ந்து எஞ்சின் திருத்தியிருக்கிறாள். பிளக் கழட்டித் துடைப்பது, காபரேட்டர் கழுவுவது, மணல் போய் அடைத்த தண்ணீர்ப் பம்பைத் திறந்து சுத்தம் செய்வது எல்லாம் தெரியும். ஒருநாள் நடுக்கடலில் நின்ற எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று கரையில் இருந்தபடியே தொலைபேசியில் சத்தத்தைக் கேட்டுச் சொல்லியிருக்கிறாள்.

“இதை நேற்று நேர்முகத்தில சொன்னனியோ?”

“இல்லை மிஸ். முன் அனுபவம் இருக்கோ எண்டு கேட்டவை. கம்பனியில வேலை செய்த அனுபவத்தைத்தானே கேக்கினம்? இல்லை சேர் எண்டு சொன்னன்.”

எட்டு வருட அனுபவம் இருந்தவள் ‘இல்லை சேர்’ என்று சொன்னாள். குழுவும் அதை நம்பி அவளுக்குப் பேரேட்டையும் பேனாவையும் கொடுத்தது. இதில் குழுவை மட்டும் குறைசொல்ல மாட்டேன். நாங்களும் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தோம். தம்பி சைக்கிளுக்குச் செயின் போட்டால் ‘இவன் இஞ்சினியர்’ என்று வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்வோம். தங்கச்சி செய்தால், ‘கையைக் கழுவிப்போட்டு வா, ஆக்கள் வந்திருக்கினம்’ என்போம். அவள் அதை அனுபவமாக எண்ணாமல் விட்டது எங்கள் வாய் செய்த வேலை.

எங்கள் பழைய மாணவிகளில் சிலர் வெளிநாட்டுப் பொறியியல் நிறுவனங்களில் நேர்முகக் குழுக்களில் இருக்கிறார்கள். இந்தப் பேச்சுக்காக அவர்களில் மூன்று பேரோடு தொலைபேசியில் கதைத்தேன். மூவரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான். குழு தேடுவது மனப்பாடத்தை அல்ல. ஒரு வேலையை எடுத்து, எங்கே பிழைத்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தாய், எப்படித் திருத்தினாய், அடுத்த முறை என்ன மாற்றிச் செய்வாய் என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்த ஆளைத்தான் தேடுகிறார்கள். அது கம்பனி இயந்திரமாக இருக்கவேண்டியதில்லை. வள்ளத்து எஞ்சின், கிணற்று மோட்டர், தையல் மெசின், கல்லூரி விஞ்ஞானக் கண்காட்சிக்குச் செய்து எரிந்துபோன மின்சுற்று, எதுவாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. தெரியாத கேள்விக்குத் ‘தெரியாது’ என்று சொல்வது வெட்கமல்ல. நாங்கள் வைத்தியர்கள் அதைச் சொல்லப் பழகாவிட்டால் நோயாளி செத்துப்போவார். பொறியியலிலும் அப்படித்தான். ஆனால் ‘தெரியாது’ என்றதோடு வாயை மூடாதீர்கள். ‘தெரியாது, ஆனால் முதலில் இதைப் பார்ப்பேன், பிறகு இன்னாரைக் கேட்பேன்’ என்று முடியுங்கள். இங்கிலிஸ் தடக்கினால் ஒரு தாள் கேட்டு வரைந்து காட்டுங்கள். வரைபடத்துக்கு உச்சரிப்புப் பிழை வராது.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் தெரிவுசெய்தவர்களைப் பரிசோதனைக்கு அனுப்பியது. பெயர் சொல்லப்போவதில்லை. ஆண்களும் பெண்களும் வந்தார்கள். படிவத்தில் வழமையான விடயங்கள்: பார்வை, நிறப்பார்வை, காது, இரத்த அழுத்தம், சீனி, வலிப்பு வந்ததுண்டா, உயரத்தில் நின்றால் தலைசுற்றுமா. எல்லாம் நியாயமானவை. மின்கம்பி பிடிப்பவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவேண்டும். அதற்கு இஷிஹாரா என்ற ஜப்பானியக் கண் வைத்தியர் 1917இல் வெளியிட்ட புள்ளிப் படங்களைத்தான் இன்றும் காட்டுகிறோம். சிவப்பு பச்சை மயக்கம் எக்ஸ் நிறமூர்த்தத்தால் வருவது. ஆகவே ஆண்களிலேயே அதிகம், பெண்களில் மிக அரிது. என் மேசையில் இந்தப் பரிசோதனையில் தவறிய பெண்பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. கம்பி வேலைக்குப் பெண்கள் சரிவரமாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு.

அந்தப் படிவத்தின் கடைசியில், பெண்களுக்கு மட்டும் ஒரு வரி இருந்தது: கர்ப்பப் பரிசோதனை முடிவு.

அன்று எனக்கு வேலை நெருக்கடி. படிவத்தில் இருக்கிறது, செய்வோம் என்று செய்தேன். ஏழு பெண்கள். எதற்கு என்று ஒருவருக்கும் நான் விளக்கவில்லை. சம்மதமும் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும், “மிஸ், அண்ணாமாருக்கு என்ன சோதினை கூட இருக்கு?” என்று கேட்டாள். நான் சிரித்துச் சமாளித்தேன்.

ஏழில் ஒருத்திக்கு முடிவு ‘ஆம்’ என்று வந்தது. திருமணமானவள். அவளுக்கே அப்போதுதான் தெரியும். சந்தோசப்படவேண்டிய செய்தி. அவள் முகம் கறுத்துப்போனது. “மிஸ், இதை எழுதித்தான் ஆகவேணுமோ?” என்று கேட்டாள். நான் எழுதினேன். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்த வரியால்தான் என்று ஒருவரும் எழுதித் தரவில்லை, எழுதித் தரவும் மாட்டார்கள்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. மருத்துவபீடத்தில் முதல் வருடமே படிப்பிக்கும் பாடம், நோயாளியின் இரகசியம் நோயாளியுடையது என்பது. அதை ஒரு கம்பனிப் படிவத்தின் கடைசி வரிக்காக நான் கொடுத்துவிட்டேன். சர்வதேச தொழில் அமைப்பின் 2000ஆம் ஆண்டு 183ஆம் இலக்க மகப்பேற்றுப் பாதுகாப்புச் சமவாயம், தாய்க்கோ பிள்ளைக்கோ ஆபத்தான வேலை என்று சட்டம் வகுத்த இடங்களைத் தவிர, வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்ணிடம் கர்ப்பப் பரிசோதனை கேட்கக்கூடாது என்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கு முன் கர்ப்பமா என்று வைத்தியர் தனியே கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அந்தப் பதில் வைத்தியருக்கும் அவளுக்கும் இடையில் நிற்கவேண்டியது. மேசை தாண்டிப் போகக்கூடாது.

அதன்பின் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். பரிசோதனை முடிவுகளை இனி அனுப்பமாட்டேன், ‘இந்த வேலைக்குத் தகுதி’, ‘இன்ன கட்டுப்பாட்டோடு தகுதி’, ‘தற்போது தகுதியில்லை’ என்ற மூன்றில் ஒன்றை மட்டும் எழுதிக் கையெழுத்திடுவேன் என்றேன். பதில் வரவில்லை. அடுத்த முறை அவர்கள் ஆட்களை வேறிடத்துக்கு அனுப்பினார்கள். ஒரு வைத்தியர் மறுத்தால் அவ்வளவுதான் நடக்கும். அந்தப் பெண்ணைப் பிறகு கிளினிக்கில் கண்டேன். மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை மிஸ்” என்றாள். பரவாயில்லை அல்ல என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆனால் என் மனதில் நிற்பது மற்றப் பிள்ளையின் கேள்வி. ‘அண்ணாமாருக்கு என்ன சோதினை கூட?’ என்று அன்று அவள் ஒருத்தி கேட்டாள். ஏழு பேரும் கேட்டிருந்தால் நான் பேனாவைக் கீழே வைத்திருப்பேன். ஏழு பேரும் நேர்முக அறையிலேயே கேட்டிருந்தால், அந்த வரி என் மேசைவரை வந்தே இருக்காது. இந்தக் கல்லூரி எங்களுக்கு நன்றாகப் பதில் சொல்லப் பழக்கியது. கேள்வி கேட்கப் பழக்கியது குறைவு. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெண்கள் இந்தத் துறைக்குள் போன கதையைப் பார்த்தால், அங்கேயும் யாரோ ஒருத்தி கேட்டதால்தான் கதவு திறந்திருக்கிறது. சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1940களில் மின்பொறியியல் படித்தவர் ஏ. லலிதா. பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையானவர். அவருக்குக் கொடுத்த சான்றிதழில் ‘அவன்’ என்று அச்சடித்திருந்ததை வெட்டி ‘அவள்’ என்று கையால் எழுதவேண்டியிருந்தது. பெண் ஒருத்தி வருவாள் என்று அச்சகம் நினைத்திருக்கவில்லை. அவர் பிறகு பக்ரா நங்கல் அணையின் மின்கடத்தல் வேலைகளில் பங்குகொண்டார். 1974இல் இந்தியாவில் டெல்கோ நிறுவனம் பெண்கள் விண்ணப்பிக்கத் தேவையில்லை என்று விளம்பரம் போட்டபோது, சுதா குல்கர்ணி என்ற மாணவி ஒரு தபாலட்டையில் ஜே. ஆர். டி. டாட்டாவுக்கே எழுதிக் கேட்டார். அவரை நேர்முகத்துக்கு அழைத்தார்கள், வேலையும் கொடுத்தார்கள். இன்று சுதா மூர்த்தி என்று நாங்கள் அறிகிற எழுத்தாளர் அவர்தான். அவ்வளவு தூரம் போவானேன், இலங்கையின் முதற்பெண் பொறியியலாளர் ஒரு தமிழ்ப்பெண், பிரேமளா சிவசேகரம். 1960இல் இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குள் போனவர், கட்டட அமைப்புப் பொறியியலில் அரச சேவையில் உயர்ந்தார். இந்தப் பெயரை இந்த மண்டபத்தில் எத்தனை தங்கைமார் முன்பு கேட்டிருக்கிறீர்கள்? பாருங்கள், மூன்று கைகள். இதுவும் எங்கள் குறை.

சரி, நேர்முகத்தின் முடிவில் ‘உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா?’ என்பார்கள். ‘இல்லை சேர், தாங்க் யூ சேர்’ என்று எழும்பிவிடாதீர்கள். ஐந்து கேள்விகள் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் காரணமும் சொல்கிறேன்.

முதலாவது: வேலைத்தளத்தில் பெண்களுக்கு மலசலகூடம் எங்கே இருக்கிறது? சிரிக்காதீர்கள். இது டொக்டரின் கேள்வி. கூடம் இல்லாத தளத்தில் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. மன்னார் வெயிலில் உடல் வேலை செய்பவருக்குக் கால் மணிக்கும் இருபது நிமிடத்துக்கும் ஒருதடவை ஒரு கிளாஸ் தண்ணீர் வேண்டும். குடிக்காவிட்டால் மாலையில் தலையிடி, மாதத்தில் சிறுநீர்த் தொற்று, வருடத்தில் சிறுநீரகக் கல். நான் மருந்து எழுதலாம். கூடம் கட்டினால் மருந்தே தேவையில்லை.

இரண்டாவது: பாதுகாப்புச் சப்பாத்தும் தலைக்கவசமும் இடுப்புப் பட்டியும் என் அளவில் இருக்கின்றனவா? ஆண்களின் அளவில் செய்த பட்டி பெண்ணின் உடம்பில் நழுவும். நழுவும் பட்டி உயரத்தில் பட்டியே அல்ல. சத்தமான இடம் என்றால் காதுக் கவசத்தையும் கேளுங்கள். எட்டு மணித்தியாலம் 85 டெசிபெலுக்கு மேல் கேட்கும் காது மெல்ல மெல்லப் போகும், போனால் திரும்பாது.

மூன்றாவது: வேலை நேரம் என்ன, இருட்டினால் வீட்டுக்கு என்ன வாகனம்? இதைக் கேட்டால் வேலையில் விருப்பமில்லை என்று நினைப்பார்களோ என்று பயப்படாதீர்கள். பதிலை வீட்டில் அம்மாவுக்குச் சொல்லவேண்டியவர் நீங்கள். அம்மா ‘ஓம்’ சொல்வது பெரும்பாலும் இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

நான்காவது: நியமனக் கடிதம் தருவீர்களா, ஊழியர் சேமலாப நிதி கட்டுவீர்களா? சம்பளத்திலிருந்து உங்கள் 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். இது அவர்கள் தரும் சலுகையல்ல, 1958இலும் 1980இலும் வந்த சட்டங்கள். உபகொந்தராத்துக்காரரிடம் வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் பலரின் காசு அங்கேதான் காணாமற் போகிறது.

ஐந்தாவது: மகப்பேற்று விடுமுறை எப்படி? சட்டப்படி 84 நாட்கள். 2018 திருத்தத்தின்பின் எத்தனையாவது பிள்ளை என்ற வேறுபாடும் இல்லை. இதை நேர்முகத்தில் கேட்கத் தயக்கமென்றால், கடிதம் கைக்கு வந்தபின் கேளுங்கள். ஆனால் கையெழுத்து வைக்க முன் கேளுங்கள்.

குழு உங்களிடம் ‘எப்போது கலியாணம்?’ என்று கேட்டால் என்ன செய்வது என்று ஒரு தங்கை துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கோபப்பட்டு எழும்பத் தேவையில்லை. ‘இந்த வேலைக்குரிய நேரத்துக்கு என்னால் வரமுடியும் சேர்’ என்று சொல்லுங்கள். கேட்ட கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி அதுதான். அதற்குப் பதில் சொன்னால் போதும்.

இங்கே இன்னொரு விடயத்தைப் பேசாமல் போனால் நான் மன்னார்க்காரி அல்ல. காற்றாலைகளைப் பற்றியும் கனிய மணல் அகழ்வைப் பற்றியும் எங்கள் சனம் வீதியில் இறங்கியதை எல்லோரும் அறிவீர்கள். கடற்றொழில், மழை வெள்ளம் வடியும் வழி, வங்காலைப் பறவைகள், நிலத்தடி நீர் என்று அவர்கள் சொல்லும் கவலைகள் வெறும் கவலைகள் அல்ல. அப்படியிருக்க, பிள்ளைகளைக் கம்பனிக்குப் போகச் சொல்கிறாயா என்று என்னை ஒரு அக்கா நேற்றுக் கேட்டார்.

நான் சொல்வது இதுதான் அக்கா. கம்பனிக்காரர் வரைபடத்தை விரித்து விளக்கம் சொல்ல வரும்போது, எங்கள் பக்கத்தில் அந்த வரைபடத்தை வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? இந்த வீதியை இவ்வளவு உயர்த்தினால் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும், இந்த மதகு எத்தனை அகலம் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கேட்கத் தெரிந்த மன்னார்ப் பிள்ளை வேண்டும். அவள் கம்பனிக்குள்ளும் இருக்கவேண்டும், பிரதேச சபையிலும் இருக்கவேண்டும், கோயில் முற்றத்துக் கூட்டத்திலும் இருக்கவேண்டும். வேண்டாம் என்று சொல்வதானாலும் எண்ணோடு சொன்னால் கேட்பார்கள். வேலை தெரிந்தவளின் ‘வேண்டாம்’ வேறு.

கடைசியாக, வெளியூர்களிலிருந்து வந்திருக்கும் பழைய மாணவிகளுக்கும் இந்த மலரை ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் இருந்து வாசிக்கப்போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டுக்கு நீங்கள் வளைவு கட்டித் தந்தீர்கள், கணினி வாங்கித் தந்தீர்கள், நன்றி. இனி ஒரு மணித்தியாலம் தாருங்கள். மாதத்தில் ஒருநாள் தொலைபேசிக் காணொளியில் ஒரு பிள்ளையை நேர்முகம் செய்யுங்கள். உண்மையான குழுபோல் கடுமையாகவே கேளுங்கள். ‘இல்லை சேர்’ என்று அவள் சொன்னால் விடாதீர்கள், வீட்டில் என்ன திருத்தினாய் என்று கேளுங்கள். முடிவில் அவளும் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள். உங்களில் நேர்முகக் குழுவில் இருப்பவர்கள், நீங்கள் கையெழுத்து வைக்கும் படிவத்தின் கடைசி வரியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நான் வாசிக்காமல் செய்தேன்.

அந்த எஞ்சின்காரப் பிள்ளை என்ன ஆனாள் என்று நீங்கள் கேட்பீர்கள். களஞ்சியத்தில் ஒரு வருடம் இருந்தாள். திருத்துநர் வெற்றிடம் வந்தபோது உள்ளிருந்தே விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்கு முதல்நாள் என் வீட்டுக்கு வந்தாள். நானும் என் கணவரும் குழுபோல் கதிரை போட்டு இருந்து கேட்டோம். மூன்றாம் தடவைதான் ‘அனுபவம் இருக்கு சேர், எட்டு வருடம்’ என்று தடுமாறாமல் சொன்னாள். மறுநாள் பம்பைத் தாளில் வரைந்து, மணல் எங்கே அடைக்கும் என்று காட்டியிருக்கிறாள். முடிவில் ஏதும் கேட்க இருக்கிறதா என்றார்களாம். தன் காலுக்கு அளவான பாதுகாப்புச் சப்பாத்து இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். இல்லை. அந்த அளவில் ஒருவருக்கும் இதுவரை வாங்கவில்லை என்றார்கள். இப்போது வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

தங்கைமாரே, அடுத்து அந்த அளவு வேண்டிப் போகப்போவது உங்களில் ஒருத்தியாக இருக்கட்டும். கேள்வியைக் கையோடு கொண்டு போங்கள்.